இடது கை

செவ்வாய், இரவு.

இடது காது இனித் திரும்பாது என்று டாக்டர் இன்று சொல்லிவிட்டார். கேட்காமல் போன அன்றே வந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாமாம். ஜலதோஷம் என்று நினைத்து மூன்று வாரம் சும்மா இருந்தேன்.

விமான் நகர் வீட்டுக்கு வந்ததும், மூன்று வாரமாகத் தொடாத ஹெட்ஃபோனை மாட்டினேன். முன்னூறு வருடத்துக்கு முந்தைய இசை. இருபது வருடமாக நான் கேட்கும் அதே பியானோ கலைஞரின் பதிவு. அவர் வாசித்தால் இடது கை இடது காதிலும் வலது கை வலது காதிலுமாக, இரண்டு ஆட்கள் போலப் பேசிக்கொள்ளும். ஒரு சுரம்கூட இன்னொன்றில் கரையாது. இன்று வலது கை மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது, பதில் வரவில்லை. ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டினேன். பதில் வந்தது, கேள்வி போய்விட்டது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து கேட்க போனில் வசதி இருக்கிறது. கலந்தால் அது அவர் வாசிப்பே இல்லை. அழுதுவிட்டேன்.

மனைவி வசந்தா வந்து தோளை உலுக்கினாள். "என்னங்க, எத்தன தடவ கூப்புடறது?"

சொன்னேன். மூன்று வாரமாக மறைத்ததையும் சொன்னேன்.

இந்த இசை அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் ஹெட்ஃபோனை வாங்கி இடது பக்கத்தை மட்டும் கேட்டாள். பிறகு என் வலது காதருகே குனிந்து அதை மெல்லப் பாடினாள். "இப்படித்தாங்க போகுது. வேகமாப் போகுது, புடிக்க முடியல."

தப்பாகத்தான் பாடினாள். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

வலது காதும் மங்க ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.