இடப்பக்கம் சிரிக்கவில்லை

1986 பெப்ரவரி 10, திங்கள்

குளிர் மைனஸ் இருபத்திநாலு. யன்னல் இடுக்கில் பழைய துணி செருகியும் காற்று. ரேடியேற்றர் காலையில் இரண்டு மணி நேரம் சத்தம் போட்டுவிட்டுச் செத்துப்போகிறது. தாரணிக்கு மூக்கு காய்ந்துவிட்டது, இருமல்தான் விடவில்லை. இருபது மாதக் குழந்தைக்கு எத்தனை மருந்து.

செய்ய:
– நாடகப் பிரதி இன்னும் இரண்டு படி. காபன் தாள் முடிந்தது.
– தாரணிக்குக் குளிர்ச் சப்பாத்து, ஓர் அளவு பெரிதாக.
– இமிக்கிரேசனுக்குப் புது விலாசம் எழுதி அனுப்ப.
– பொம்பிளைகள் போடும் கோட் ஒன்று, ரோமக் கழுத்து வைத்தது. யாரிடம் கேட்பது?

கோட் இவருக்கு, நாடகத்தில். சேர்ச்சில் சும்மா கிடைத்த உடுப்பையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு இமிக்கிரேசன் கந்தோரில் காத்திருக்கும் ஆள் இவர். இலக்கம் கூப்பிடும்போது கையுறை கழற்றி முடிவதில்லை. கழற்றி முடிக்கும்போது அடுத்த இலக்கம். நாடகம் இருபது நிமிடம். எழுதியதும் நடத்துவதும் ஞானம் அண்ணை. மன்னாரில் வாத்தியார், இங்கே கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் தள்ளுகிறார். கம்பஸில் புவியியல் படித்த நான் பிரதி எழுதுகிறேன், மறைவில் இருந்து வசனம் எடுத்துக்கொடுக்கிறேன். மடியில் தாரணி.

சனிக்கிழமை சேர்ச்சின் கீழ் மண்டபத்தில் நாலு நாட்டு நாடகம். சிலி, ஹெயிட்டி, வியட்நாம், நாங்கள். வெளிச்சம் லூசி என்ற இந்த ஊர் நாடகக்காரி. நாலு கூட்டத்தையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஹெயிட்டிக்காரருக்குப் போன வெள்ளி ஊரிலிருந்து நல்ல செய்தி, சர்வாதிகாரி நாட்டை விட்டு ஓடிவிட்டானாம், ஒத்திகை அறையெல்லாம் பாட்டு. ஞா. அண்ணை சொன்னார், இந்த நகரத்துக்கு எங்களைத் தெரியாது, பேப்பரில் வந்த கலவரம், குண்டு, அகதி என்றுதான் தெரியும், சனிக்கிழமை வேறுமாதிரித் தெரியட்டும் என்று.

இவர் டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவிவிட்டு மூன்று மணிக்கு வந்து, ஆறு மணிக்கு ஒத்திகை. களைப்பே இல்லை. இங்கு வந்து ஒன்றரை வருசத்தில் இப்படி நான் பார்க்கவில்லை.

திருகோணமலையிலிருந்து கடிதம் வந்து ஐந்து வாரம். மாமியும் இவருடைய தம்பி ரூபனும் மட்டும் அங்கே. போன மாதம் ஒருநாள் சொன்னார், “தம்பிக்கு ஒண்டெண்டால் நான் இஞ்ச கோட்டுப் போட்டுக்கொண்டு திரிய மாட்டன்.” அதை ஏன் இப்போது எழுதுகிறேன்.


பெப். 11, செவ்வாய்

காலை 10.20. ரெலிபோன். லண்டனிலிருந்து இவருடைய மாமாவின் மகன் குலம். முதலில் கேட்டது, மச்சான் வீட்டில் இல்லைத்தானே.

ரூபன் இல்லை.

ஆமிச் சுற்றிவளைப்பு. ஒழுங்கையில் நின்ற ஏழு பேரைக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வந்து உடலை எடுக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்தது. மாமியை அவருடைய தமக்கை வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இருபது வயது. குலம் தன் அழுகையை முடித்துவிட்டு, மச்சானுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கோ என்றார். தாரணி ரெலிபோன் வயரைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து எடுத்தேன். திரும்பக் கடித்தாள். திரும்ப எடுத்தேன்.

பதினொரு மணிக்கு ஞா. அண்ணை பிரதி வாங்க வந்தார். முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். சொன்னேன். பனிச் சப்பாத்தைக் கழற்ற மறந்து குசினிக் கதிரையில் இருந்துவிட்டார். தரையெல்லாம் தண்ணீர். பிறகு, என்னைப் பார்க்காமல்:

“தங்கச்சி, உங்கட முறையில கேள்விப்பட்ட நாளிலயிருந்துதானே துடக்கு?”

ஓம் என்றேன். தூரதேசத்துச் சாவுக்கு அப்படித்தான்.

“அப்ப அவருக்கு இன்னும் இல்லை.”

சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரர். எங்கள் முறை அவருக்கு எப்படி இவ்வளவு சரியாகத் தெரிந்தது. சாவுத் துடக்கு என்றால் இவர் மேடை ஏற மாட்டார், முப்பத்தொரு நாள் சவரம் செய்ய மாட்டார், வெளியேயே போக மாட்டார். இவர் இல்லாவிட்டால் நாடகம் இல்லை. அங்கே எல்லாம் முடிந்துவிட்டது, நாலு நாளில் எதுவும் மாறாது, சனிக்கிழமை முடிந்ததும் தானே பக்கத்தில் இருந்து சொல்வதாகச் சொன்னார். கதைக்கும்போது, வாங்க வந்த பிரதியை அவர் தொடவேயில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு, கோபத்துக்கு அடியில், ஒரு நிம்மதி. தெரிந்தால் இவர் போய்விடுவார். கொள்ளி வைக்கக் கிடைக்கவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காவது போகிறேன் என்பார். அம்மா தனிய என்பார். பாஸ்போட் இமிக்கிரேசனிடம். ஆனால் பாஸ்போட் இல்லாமல் வந்தவர்களையும் போனவர்களையும் எனக்குத் தெரியும். தாரணியுடன் நான், பிரெஞ்சுப் பாஷை தெரியாத இந்த ஊரில், பனிக்குள். நாலு நாளாவது தள்ளிப்போகட்டும்.

நான் சம்மதித்தது நாடகத்துக்காக அல்ல. இதை இங்கே எழுதாவிட்டால் எங்கே எழுதுவது.

மூன்று மணிக்கு இவர் வந்தார். சட்டைப்பையில் விமானத்தில் கொடுக்கும் சின்ன உப்புப் பொட்டலங்கள். கண் ஏன் சிவப்பு என்றார். தாரணி இரவு நித்திரை கொள்ளவில்லை என்றேன். “எனக்குக் கேக்கேல்லையே” என்றார்.


பெப். 12, புதன்

பனி, பத்து சென்ரிமீற்றர். தாரணி இருமல் அப்படியே.

காலை விளக்கு வைக்கவில்லை. இவர் கேள்விப்படவில்லை, நான் கேள்விப்பட்டுவிட்டேனே. எனக்குத் துடக்கு. மாதத் தீட்டு என்று பொய் சொன்னேன். போன கிழமைதானே என்று இவர் கேட்பாரோ என்று பயம். கேட்கவில்லை. தானே குளித்துவிட்டு வந்து விளக்கேற்றிக் கும்பிட்டார். நான் குசினிக்குள்ளேயே நின்றேன்.

பின்னேரம் தாரணிக்கு முன்னால் இவர் நாடகத்துக் கையுறைக் கட்டம். ஒரு கையைக் கழற்ற மற்றக் கைக்கு இன்னொன்று முளைக்கிறது. பிள்ளை விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். நானும். என்னை அறியாமல், சத்தமாக. பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

வாங்க: பால், பாண், இருமல் மருந்து (தெருமூலைத் தெப்பனேர்க் கடையில் வேண்டாம், பார்மசியில்).


பெப். 13, வியாழன்

மைனஸ் பதினெட்டு. வெயில்.

மூன்றரை மணிக்கு இவர் மேசையில் நீலத் தாள் விரித்து ரூபனுக்குக் கடிதம். நீ எழுதின சோதனை முடிவு வந்ததா, கொழும்புக்கு வந்து நில், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, இங்கே நான் ஒரு விசரன் மாதிரி மேடையில் நிற்கப்போகிறேன், படம் அனுப்புகிறேன். வாசித்துக் காட்டினார். அடியில் இடம் விட்டு, “நீரும் ரெண்டு வரி எழுதும், அவன் பாத்துக்கொண்டிருப்பான்” என்றார்.

எழுதினேன். தாரணி ஓடித் திரிகிறாள். இங்கே சரியான குளிர். சுகத்தைக் கவனியும்.

என் கையெழுத்து நன்றாக இருந்தது.

ஒத்திகை. பவானிக்கும் தெரிந்திருக்கிறது. ஞா. அண்ணை சொல்லியிருக்கிறார். நாடகத்தில் அவள்தான் கந்தோர் அதிகாரி, வெளியில் தையல் பக்டரியில் வேலை, இருபத்திரண்டு வயது, வாய்க்குப் பூட்டில்லை. கட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவள் என் கதிரைக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள்:

“எங்கள் எல்லாரையும் விட நீங்கள்தான் நல்லா நடிக்கிறியள் அக்கா.”

நான் பிரதியில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். சனம் சிரிக்கும் இடங்களுக்கு ஞா. அண்ணை புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் நடிகர் ஒரு மூச்சு நிற்க வேண்டும், சிரிப்பு அடங்கியதும் அடுத்த வசனம். ஒன்பது புள்ளிகள்.


பெப். 14, வெள்ளி

கடைசி ஒத்திகை. லூசி வெளிச்சம் வைத்துப் பார்த்தாள். கோட் கிடைத்துவிட்டது, அவளுடைய தாயின் கோட், நாவல் நிறம், நரி ரோமம். இவர் போட்டுக்கொண்டு நடந்ததும் ஹெயிட்டிக்காரர் கைதட்டினார்கள்.

இன்று சொல்லத்தான் இருந்தேன். மெட்ரோவிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது. தாரணி இவருடைய தோளில். ஒன்று சொல்லவேணும் என்று தொடங்கிவிட்டேன்.

“நாளைக்குப் பிறகு சொல்லும். இப்ப ஏதும் சொன்னால் வசனம் பறந்திடும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சரி என்றேன். எவ்வளவு கெதியில் சரி என்றேன்.

முதுகு வலி. இரண்டு குளிசை.


பெப். 15, சனி

முடிந்தது. எழுத முடியவில்லை.


பெப். 16, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். நாளைக்கு மறந்து, நடந்ததை எனக்கு ஏற்றமாதிரி மாற்றிவிடுவேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. வாசலுக்குக் கிட்ட, இடப்பக்கம், முழுக்க எங்கள் சனம். ஆற்றுக்கு அப்பால் லவாலிலிருந்துகூட வந்திருந்தார்கள். வலப்பக்கம் சிலிக்காரர், ஹெயிட்டிக்காரர், இந்த ஊர் வெள்ளைக்காரர். நான் திரைக்குப் பின்னால், மடியில் தாரணி நித்திரை.

இவர் கோட்டோடு நுழைந்தார். முதல் புள்ளி. வலப்பக்கம் வெடித்துச் சிரித்தது. இடப்பக்கம் இல்லை. தொடக்கம்தானே, கூச்சமாக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது புள்ளி, இலக்கத் துண்டு. வலப்பக்கம். மூன்றாவது. வலப்பக்கம். தமிழ் விளங்காதவர்கள் சிரிக்கிறார்கள், விளங்கியவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். இவர் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று பார்த்தார். ஐந்தாவதிலிருந்து வலப்பக்கத்தை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பியே நடித்தார். குரலைக் கூட்டினார். முகத்தைக் கோணினார். ஏழாவதில், பிரதியில் இல்லாத ஒன்று, கதிரையோடு பின்னுக்கு விழுந்தார். வலப்பக்கம் எழுந்து நின்று கைதட்டியது. இடப்பக்கத்தில் இரண்டாம் வரிசை, எங்கள் ஊர் இரத்தினம் அக்கா, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. லவாலில் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருவர் விடாமல் தெரிந்திருக்கிறது. இவருக்குத் தெரியாது என்பதும் தெரிந்திருக்கிறது.

ஒரு வசனமும் பிசகவில்லை. நான் எடுத்துக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

முடிந்து உள்ளே வந்தார். கோட்டுக்குமேல் கோட்டு, வியர்வை ஒழுகுகிறது. “எங்கட சனம் ஏன் சிரிக்கேல்லை? நல்லா வரேல்லையே?” என்று ஞா. அண்ணையைக் கேட்டார். ஞா. அண்ணை பக்கத்தில் இருந்து சொல்வதாகச் சொன்னவர். கையிலிருந்த பிரதியைச் சுருட்டினார், விரித்தார். இவர் பவானியைப் பார்த்தார். பவானி நிலத்தைப் பார்த்தாள். என்னிடம் வந்தார்.

“ஆர்?”

மடியிலிருந்த தாரணியைத் தூக்கித் தோளில் போட்டேன்.

“தம்பியே?”

தலையை ஆட்டினேனா என்றுகூட நினைவில்லை. கீழே இருந்துவிட்டார், கோட்டுகளோடு. கழற்ற யாருக்கும் கை வரவில்லை. அந்நேரம் லூசி ஓடிவந்து, ப்ராவோ, ப்ராவோ என்று அவரைக் கட்டிப்பிடித்தாள். இவர் மெர்சி என்றார்.

வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் வார்த்தார். சாப்பிடவில்லை. என்னோடு கதைக்கவில்லை.

இன்று சனம் வந்து போகிறது. இரத்தினம் அக்கா சோறும் பருப்பும் கொண்டுவந்தார். யாரோ கூடத்தில் அந்தியேட்டிக்கு நாள் பார்த்தார்கள். இவருக்குச் சனிக்கிழமையிலிருந்து முப்பத்தொன்று. எனக்குச் செவ்வாயிலிருந்து. ஒரு வீட்டுக்குள் இரண்டு கணக்கு. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் எண்ணத் தெரியும்.


பெப். 17, திங்கள்

மைனஸ் ஒன்பது. பனி உருகிச் சேறு. இவர் வேலைக்குப் போகவில்லை.

காலையில் ஞா. அண்ணை வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. இவர் எழும்பிப் போய், நாடகம் பிரெஞ்சுப் பேப்பரில் வருமாமே என்றார், சாதாரணமாக. ஞா. அண்ணை அழத் தொடங்கிவிட்டார். வாசலில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி. இவர்தான் அவரைப் பிடித்துப் படியால் இறக்கிவிட்டு வந்தார்.

மத்தியானம் தாரணி படுத்த பிறகு, யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு:

“ஞானம் அண்ணைக்கு நாடகம். அது எனக்கு விளங்குது. உமக்கு என்ன?”

சொன்னேன். நீங்கள் போயிடுவியள் எண்டு பயந்தனான் என்று. அவ்வளவுதான் சொன்னேன், அழவில்லை. அழுதால் அதுவும் நடிப்பு என்று நினைப்பாரோ என்று.

ரேடியேற்றர் சத்தம் போட்டு நின்றது.

“போறதெண்டாலும் உமக்குச் சொல்லிப்போட்டுத்தான் போயிருப்பன்.”

போயிருப்பன் என்றா சொன்னார், போவன் என்றா. ‘போயிருப்பன்’ என்றுதான் காதில் விழுந்தது. திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. இப்போது, துடக்கோடு, குளியலறைக்குள் சவரக் கத்தி தேடுகிறார், வெளியே போகிற ஆள் மாதிரி.