குலுக்கி ஊற்றிய சன்ஸ்கிரீன்

மார்ச் 4, செவ்வாய்

வேனைக் கழுவினேன். டாஷ்போர்டு பெட்டியில், துடைக்கும் துணிக்கு அடியில், ஒரு சன்ஸ்கிரீன் ட்யூப் அகப்பட்டது. முந்தின வருஷக் கோடையில் பெண்டாட்டி வைத்து மறந்தது. தேதி முடிந்துவிட்டது, ஆனால் பாதிக்கு மேல் மிச்சம். தேதிதானே, பிஸ்கட்டுக்கும் போடுகிறார்கள். அமுக்கினால் முதலில் தண்ணீராக வந்தது. நன்றாகக் குலுக்கி, குளியலறையில் அடிமட்டத்துக்கு வந்திருந்த அவள் சன்ஸ்கிரீன் புட்டியில் பிழிந்துவிட்டேன்.

ஷாம்பு, எண்ணெய், பாத்திர சோப்பு எல்லாம் இந்த வீட்டில் இப்படித்தான். "நம்ம வீட்ல எந்தப் புட்டியும் காலியாகாது" என்று என் பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

மார்ச் 5, புதன்

காலையில் புட்டியைப் பார்த்துவிட்டு, "வாங்கிட்டீங்களா? நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். "ம்" என்றேன். அந்த "ம்" எதற்கு? வாய்தவறி வந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். தவறவில்லை.

வழக்கம்போல முகம், கைக்கு அவளே பூசிக்கொண்டாள். பின்கழுத்துக்கு நான். அங்கே அவள் கை சரியாக எட்டாது, கல்யாணமான நாளிலிருந்து அது என் டிபார்ட்மென்ட். அவளுக்கு இருக்கும் நோய்க்கு வெயில்தான் எதிரி. பட்டால் தோலோடு நிற்காது, காய்ச்சல், மூட்டுவலி என்று இழுத்துக்கொண்டு போகும். செய்வதோ நில அளவை வேலை. தொப்பி, முழுக்கைச் சட்டை, கிரீம் மூன்றும் இருந்தால் போகலாம் என்று டாக்டர் விட்டிருக்கிறார்.

மார்ச் 6, வியாழன்

மதியமே வந்துவிட்டாள். இரண்டு கன்னமும் சிவந்து தடித்து, பின்கழுத்து கொப்புளித்து. நான் பூசிய இடம்.

மார்ச் 7, வெள்ளி

தோல் டாக்டரிடம் போனோம். ஒழுங்காகப் பூசினீர்களா, வியர்த்த பிறகு மறுபடி பூசினீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். பூசினேன் என்றாள். அப்படியானால் உங்கள் தோல் இனிமேல் கிரீமுக்கும் கட்டுப்படாது போல, வெளிவேலையை விட்டுவிடுவது நல்லது என்றார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாயில் என்ன, கொழுக்கட்டையா?

வரும் வழியில் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். "உங்களுக்கும் லீவு, அலைச்சல். ரெண்டாவது தடவை சரியா பூசாம விட்டுட்டேனோ என்னமோ."

வண்டியை நிறுத்திச் சொல்லியிருக்கலாம். சிக்னல் பச்சையாகிவிட்டது. சே, எதைச் சாக்காகச் சொல்கிறேன் பார்.

மார்ச் 8, சனி

மருந்துக்கடையில், நண்பர் ஒருவருக்காக என்று சொல்லிக் கேட்டேன். மருந்தாளுநர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெயில்ல நிக்கற வண்டிக்குள்ள கிடந்ததா? அப்ப தேதியே பாக்க வேணாம், தூக்கிப் போடச் சொல்லுங்க." தண்ணீராகப் பிரிந்துவிட்டால் குலுக்கினாலும் பார்வைக்குத்தான் கிரீம், முன்போல வெயிலைத் தடுக்கும் என்று நம்பக் கூடாதாம். ஒரு புதுப் புட்டி வாங்கிக்கொண்டேன். நண்பருக்கு.

மார்ச் 9, ஞாயிறு

அவள் தூங்கும்போது பழையதைக் கொட்டி, புட்டியைக் கழுவித் துடைத்து, புதியதை அதில் ஊற்றினேன். உடம்பு தேறி வேலைக்குப் போனால் கிரீம் வேலை செய்யும், டாக்டர் சொன்னது தப்பென்று தானாகத் தெரிந்துவிடும், நானும் தப்பிப்பேன். இதுதான் திட்டம். வெட்கங்கெட்டவன்.

மார்ச் 10, திங்கள்

சாயங்காலம் அவள் வெயில் தொப்பியைத் துவைத்து, மடித்து, பரண்மேல் வைத்தாள். நாளைக்கு ஆபீசில் பேசி வரைபடப் பிரிவுக்கு மாறிக்கொள்ளப் போகிறாளாம். முக்காலியை நட்டு, அளவைக் கருவிக்குள் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது அவள் முகமே வேறு. அந்த முகத்தை நான் கொட்டிவிட்டேனே.

"கிரீமுக்கே கேக்கலைன்னா என்னங்க பண்றது" என்றாள். அழக்கூட இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ட்யூப், தேதி, குலுக்கியது, "ம்" சொன்னது, புட்டியைக் கழுவியது எல்லாம்.

செருப்பைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "டாக்டர் முன்னாடி நான் பேந்தப் பேந்த முழிச்சப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?" என்றாள்.

இருந்தேன்.

மார்ச் 12, புதன்

சாப்பாடு மட்டும் எடுத்து வைத்தாள்.

மார்ச் 17, திங்கள்

டாக்டரிடம் அவள் தனியாகவே போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். தோல் முழுசாக ஆறியதும் பழைய நிபந்தனைகளோடு போகலாம் என்றாராம். இதையும் அவள் போனில் தங்கையிடம் சொல்லும்போதுதான் கேட்டேன். பரண்மேல் தொப்பி இல்லை.

மார்ச் 31, திங்கள்

இன்று வேலைக்குப் போனாள். தானே பின்கழுத்துக்கும் பூசிக்கொண்டாள், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, தலையைத் திருப்பித் திருப்பி. ஒரு பக்கம் திட்டாக அப்பிக்கொண்டிருந்தது, ஒரு பக்கம் படவே இல்லை. சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டாள். நாள் முழுக்க வேன் ஓட்டும்போது அந்தப் படாத இடமே கண்ணில் நின்றது.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் சீல் உடைக்காத புது ட்யூபோடு வந்தாள். அவளே வாங்கியது. முதலில் தேதியைக் காட்டினாள், படித்தேன். பிறகு எனக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே பிரிங்க. நான் கண்ணாடில பாத்துட்டு இருக்கேன்."

பிரித்தேன். பூசி முடிக்கும்வரை அவள் கண் என் கையை விட்டு நகரவில்லை.