அண்ணன் ஏறாத விமானம்

ஜனவரி 19, ஞாயிறு

எட்டு மணி வரை பனி. எதிர் வயல் தெரியவில்லை. ஷெட்டில் தகடெல்லாம் ஈரம்.

முடிந்தது: இடது பக்கத் தகடு, ரிவெட் நாற்பது. மீட்டர் பலகைக்கு ஓட்டை எட்டு. கட்டைவிரலில் ஒரு கிழிசல்.

முடியாதது: மேலே கண்ணாடி மூடி. மூன்றாவது தடவையும் வளைக்கும்போது விரிசல்.

அந்தக் காலத்து ‘நாட்’ சண்டை விமானம். மூக்கும், விமானி உட்காரும் காக்பிட்டும் மட்டும்தான், நிஜ அளவில். றெக்கை, வால் கிடையாது. அதற்கே ஷெட்டில் பாதி போய்விட்டது. அளவு இன்டர்நெட் படத்திலிருந்து. நெல் அறுப்பு மெஷின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு வேண்டாத வேலை. அறுப்பு சமயத்தில் இன்னும் வேண்டாத வேலை.

காரணத்தை எழுதி வைக்கிறேன். எனக்கும் மறந்து போகலாம், குடும்பத்தில் இருக்கிறது. அண்ணன் ஏர்ஃபோர்ஸில் இந்த விமானத்தோடுதான் இருந்தார். தஞ்சாவூர் டாக்டர் சொன்னார்: “பழகுன சாமான் எதையாவது கண்ணுல படுற மாதிரி வைங்க. சில பேருக்கு ஞாபகம் வரும்.” அந்த ‘சில பேரை’ நான் காதில் வாங்கவில்லை.

அண்ணனுக்கு எழுபத்தைந்து. நான் பன்னிரண்டு வயது இளையவன். பிறந்ததிலிருந்து அவருக்கு நான் “டேய் சேகரு”. தீபாவளியிலிருந்து “வாங்க, உக்காருங்க”. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவன் என்று நினைக்கிறார். நேற்றும் அண்ணியிடம், “அவருக்குக் காப்பி குடு, வெயில்ல வந்திருக்காரு” என்றார். குடித்தேன். வேறென்ன செய்ய.

ஒரு தடவை ‘டேய்’ என்று கூப்பிட்டால் போதும். அதற்குத்தான் இத்தனை தகடு.

ஜனவரி 22, புதன்

பனி குறைவு. காலையிலிருந்து போன் ஏழு. கோவிந்தராஜின் மெஷின் பெல்ட் அறுந்து நடு வயலில். “ஏண்ணே, இங்க கதிரு சாஞ்சு கெடக்கு. நீங்க ஏரோப்ளேன் கட்டிக்கிட்டு இருக்கீங்களாமே.” ஊருக்கே தெரிந்துவிட்டது. போய் மாட்டிக் கொடுத்தேன். முழங்கால் வரை சேறு.

பிற்பகல் பொருத்தியவை:
சீட் – பழைய அறுப்பு மெஷினிலிருந்து.
பெல்ட் – உடைத்துப் போட்ட காரிலிருந்து.
விமானி பிடித்து ஓட்டுகிற ஸ்டிக் – டிராக்டர் கியர் ராடு. பிடிக்கு சைக்கிள் ரப்பர்.

அண்ணன் வாசலில் நாற்காலியில். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெல்டிங் வெளிச்சத்துக்கு மட்டும் கண்ணைச் சுருக்கினார்.

ஜனவரி 26, ஞாயிறு

டிவியில் டெல்லி அணிவகுப்பு. விமானங்கள் போகும்போது அண்ணன் நல்ல தூக்கம்.

காக்பிட் முடிந்தது, மூடி இல்லாமலே. மத்தியானம் நானும் அண்ணியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஷெட்டுக்கு அழைத்துப் போனோம். நின்றார். தகட்டைத் தடவினார். ரிவெட்டை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

“ஏறி உக்காருங்கண்ணே.”

கையை உதறினார். “அது சார் உக்கார்ற எடங்க.”

விடவில்லை நான். தோளைப் பிடித்துத் தள்ளப் பார்த்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். உடம்பெல்லாம் நடுங்கினார். “வேணாங்க, பனிஷ்மென்ட் குடுத்துடுவாங்க.”

அண்ணிதான் விலக்கிவிட்டார். “ஏன் தம்பி, அவரு என்னைக்கு அதுல உக்காந்தாரு? ரிப்பேர் பார்த்தவருதானே. ஏணியில நின்னு, ஓட்டுறவருக்கு பெல்ட்டு மாட்டிவிடுவாராம். கல்யாணமான புதுசுல சொல்லியிருக்காரு.”

எனக்குத் தெரியாததா. ஆனால் பள்ளிக்கூடம் முழுக்க ‘எங்கண்ணன் ஏரோப்ளேன் ஓட்டுறாரு’ என்று அளந்தவன் நான். அம்மாவும் ஊருக்கு அப்படித்தான் சொன்னாள். சொல்லிச் சொல்லி எங்களுக்கே நிஜமாகிவிட்டது. அறுபத்து மூன்று வயதில் அந்தப் பொய்க்கு சீட் போட்டு பெல்ட் மாட்டியிருக்கிறேன். இரண்டு மாத வேலை. முட்டாள்.

ஜனவரி 28, செவ்வாய்

மேகமூட்டம். காலையில் ஏணி வெல்டிங். நாலு படி, மூன்று மணி நேரம். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

இடது பக்கம் சாத்தினேன். உள்ளே ஆள் வேண்டுமே. நானே இறங்கி உட்கார்ந்தேன். தொப்பை இடித்தது.

அண்ணன் தானாக எழுந்து வந்தார். யாரும் பிடிக்கவில்லை. நாலு படியும் ஏறினார். என் தோள் வழியாக பெல்ட்டை இழுத்து, முறுக்கு எடுத்து, மாட்டி, சுண்டிப் பார்த்தார். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத கை. பிறகு சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ உருவினார். ஆபத்தென்றால் விமானியை சீட்டோடு வெளியே தூக்கி எறியும் ஏற்பாடு நிஜ விமானத்தில் உண்டு. தரையில் வெடிக்காமலிருக்க அதில் சேஃப்டி பின்கள் செருகியிருப்பார்கள், பறக்கும் முன் உருவி விமானியிடம் எண்ணிக் காட்டுவார்கள். படித்திருக்கிறேன், ஆனால் பின் எதுவும் நான் செய்து மாட்டவில்லை. இல்லாத பின்களை உருவி, வெறும் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

“எண்ணிக்குங்க சார்.”

எண்ணுவதுபோல் தலையாட்டினேன். பிறகு பொறுக்காமல், “அண்ணே, சேகர்” என்றேன்.

உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஞாபகம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“ஆமா சார், சேகரு. என் தம்பி. நாலாவது படிக்கிறான். உங்களுக்கு எப்படித் தெரியும்?” குரலைத் தணித்துக்கொண்டார். “அவனப் பாத்து ஒரு வருஷம் ஆச்சு சார். லீவு எழுதிக் குடுத்திருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கெடைச்சிடும்.”

சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்லியிருக்க வேண்டும், தெரியவில்லை. சல்யூட் அடித்துவிட்டு இறங்கிப் போனார். பெல்ட்டைக் கழற்றாமல் அங்கேயே கிடந்தேன். கோவிந்தராஜ் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஜனவரி 29, புதன்

தூறல். ரோட்டில் நெல் காயப்போட்டவர்கள் பாடு திண்டாட்டம்.

அண்ணன் விடிந்ததுமே குளித்துவிட்டார். மஞ்சள் பையில் சட்டை இரண்டு, சோப்பு டப்பா. லீவு கிடைத்துவிட்டதாம், ஊருக்குப் போகணுமாம். பத்து மணி வரை வாசலிலேயே நின்றார். உட்கார மாட்டேன் என்றார், சாப்பிட மாட்டேன் என்றார்.

அண்ணி: “நீங்க ஆரம்பிச்சது தம்பி. நீங்களே பாருங்க.” குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

வேறு வழி தெரியாமல் பைக்கில் ஏற்றி பூதலூர் ஸ்டேஷன். திருச்சியிலிருந்து வண்டி வந்து நின்றது. இறங்கினவர்களோடு அவரும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார், இப்போதுதான் வந்து இறங்கியவராக. ஊர்ப் பேர் போர்டைப் படித்தார். சிரித்தார். கூட்டம் கலைந்தது. வெளியே வந்து நின்று தேடினார். என் இடுப்பு உயரத்திலேயே கண் அலைந்தது.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அரை மணி நேரம்.

“எனக்காக இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. நீங்க கெளம்புங்க சார். தம்பி இப்ப வந்துடுவான்.”