நீ அனுப்பிய கித்தாரின் கழுத்து

சேரன்மகாதேவி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் பெருமாள்ராஜுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், என் இடது கை மோதிர விரலை மட்டும் விட்டுவிட்டுச் சொல்கிறேன். குவைத் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் ஆற்றங்கரை அம்மன் பேராத்துச்செல்வி பார்த்துக்கொள்வாள். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுகிறாய், பாதியில் உன் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய கித்தாரைக் கொண்டுவந்து தந்த காயல்பட்டினத்து அகமது மீரான் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறார், அவர் கையிலேயே இதைக் கொடுத்துவிடுவேன்.

ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. உன் தங்கை பிரேமலதா பிள்ளையோடு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள், பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, எதைக் கொடுத்தாலும் கடிக்கிறது. மழைக்கு முன்னால் பின்பக்கத்து ஓடுகளை மாற்ற வேண்டும். இதெல்லாம் இருக்கட்டும். குற்றாலலிங்கம் என்னிடம் சொன்னதை உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். பாட்டுக் குழுவை அவன் நடத்துகிறான் என்றாலும் அவன் மீசை முளைக்காத காலத்திலிருந்து அதில் நான் பேஸ் கித்தார் வாசிக்கிறேன். விரல் மடங்கினால் நிமிராமல் மாட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க சும்மா உக்காந்து கேளுங்க, பேஸைக் கீபோர்டுலயே போட்டுக்கிடுதோம்" என்றான். அவன் சொன்னதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. நீ உன் அம்மாவிடம், "அப்பாவ நிறுத்தச் சொல்லும்மா, வீட்டுல வச்சுத் தட்டிக்கிட்டு இருக்க நல்லதா ஒண்ணு அனுப்புதேன்" என்று சொன்னாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? குற்றாலலிங்கத்திடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஆழ்வார்குறிச்சிக் கல்யாண வரவேற்புக்கு ஒருதரம் வாசிக்கிறேன், சரியில்லை என்றால் நீ வாயைத் திறக்க வேண்டாம், அடுத்த கச்சேரிக்கு வண்டியில் நானே ஏற மாட்டேன் என்றேன். சரி என்றான்.

நீ அனுப்பியது பார்க்க அழகுதான். கழுத்து ஒடுக்கமாக இருந்தால் வயதான கைக்கு எளிது என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பழைய கித்தாரின் கழுத்து அகலமும் கனமும், பின்பக்கம் உலக்கையை நீளவாக்கில் பிளந்த மாதிரி. உன்னுடையது தலைப்பக்கத்தில் அதைவிட அரை விரல் ஒடுக்கம், பின்பக்கம் பலகை மாதிரித் தட்டை. ஒரு வாரம் அதிலேயே சாதகம் பண்ணினேன், விரல் முன்னைவிட மோசமாக மாட்டியது. நாங்கள் உட்கார்ந்து மடியில் வைத்து வாசிக்கிறவர்கள், கழுத்தின் பாரத்தில் பாதி இடது உள்ளங்கையில்தான் நிற்கும். தட்டைக் கழுத்தில் உள்ளங்கைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை, கட்டைவிரல் தன்னால் இறுக்குகிறது, அது இறுக்கினால் மற்ற விரல்கள் படுத்துவிடுகின்றன, படுத்த விரல் பக்கத்துத் தந்தியிலும் பட்டுச் சத்தம் அமுங்குகிறது. பழையதிலோ விரல் படுக்கவில்லை, ஆனால் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. அகலம் ஒரு கணக்கு, பின்பக்க வளைவு வேறு கணக்கு என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. யாரும் சொல்லித் தரவில்லை, இந்தக் கைக்கு எதைத்தான் யார் சொல்லித் தந்தார்கள்.

இனி எழுதுவதற்கு நீ கோபப்படுவாய், பட்டுக்கொள். இரண்டு கித்தாரையும் தூக்கிக்கொண்டு மேலப்பாளையத்தில் வாத்தியக் கடை வைத்திருக்கும் நூர்முகம்மதிடம் போனேன். அவர் கடையில் தொங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தேன். ஒன்று கையில் வந்ததும் விரல் தானாகத் தளர்ந்தது. முன்பக்கம் உன்னுடையதைப் போலவே ஒடுக்கம், பின்பக்கம் மண்வெட்டிக் கணை மாதிரி உருண்டை. யாரோ வாசித்துப் பழகியது, உடம்பில் கீறல் இருக்கிறது. நீ அனுப்பியதைக் கொடுத்து அதை எடுத்துக்கொண்டேன். நூர்முகம்மதுக்கே மனசு கேட்கவில்லை, "மவன் அனுப்புன புது சாமானை இப்படிக் கொடுக்கியளே அண்ணாச்சி" என்றார். அவன் என்னைக் கேட்டு வாங்கவில்லை, நானும் அவனைக் கேட்டுக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து உன் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை, சோறு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் வரவேற்பு. மேடையில் எனக்கு நாற்காலி போடவில்லை, அந்த இடத்தில் கீபோர்டு நின்றது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒன்றை நானே தூக்கி வந்து போட்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டுகள் ஒழுங்காகப் போயின. அப்புறம் கல்யாணப் பெண்ணின் அக்காள் பாட வந்து, தனக்கு நாலரைக் கட்டை வேண்டும் என்றாள். கீபோர்டுக்காரன் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடும், நான் கையையே மாற்ற வேண்டும். விரல் வைக்காத வெறும் தந்தி ஒன்றும் உதவாது, மேலே தலைப்பக்கத்தில்தான் முழுப் பாட்டும், விரல் அகல விரிய வேண்டிய இடம். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கை போன இடத்தில் கழுத்து இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். சரணத்தில் ஒருதரம் மோதிர விரல் மாட்டியது, சுண்டுவிரலால் அதைக் கடந்துவிட்டேன். கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது, குற்றாலலிங்கத்துக்குத் தெரியும். முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது என் முகத்தைப் பார்க்காமலே, "செவ்வாக்கெழம களக்காடு, நாலு மணிக்கு வண்டி வரும், பைய வந்து ஏறுங்க" என்றான். நான் கித்தார் பெட்டியை வண்டியில் வைத்தேன்.

விரலுக்கு ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார், களக்காடு முடிந்ததும் போகிறேன், இதை உன் அம்மாவிடம் நீயே சொல், நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீ வேளைக்குச் சாப்பிடு, அறையில் ஏசியைத் தலைக்கு நேரே வைத்துத் தூங்காதே. நீயும் உன்னோடு இருக்கிற பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருக்க வேண்டும். லீவுக்கு வரும்போது எனக்கு வேறொன்றும் வேண்டாம், பேஸ் தந்தி இரண்டு செட் வாங்கி வா, நடுத்தரக் கனம், மறக்காதே. வாசிப்பதை நான் நிறுத்தினால் அன்றைக்கே உனக்கு எழுதுவேன். அதுவரை அதைப் பற்றி உன் அம்மாவிடம் விசாரிக்க வேண்டாம்.

உன் அப்பா,
சுடலைமணி