மூன்று முறை சொன்னது

ஜூலை 7, திங்கள்

மேற்கே இருந்து கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து யார்டு முழுக்க மண். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல்கள் தண்ணீரில் நிற்கிற மாதிரியே இல்லை. வானத்தில் தொங்குகின்றன. பார்த்துக்கொண்டே நின்றதில் டீ ஆறிவிட்டது.

செய்ய வேண்டியவை:
ஆறாம் நம்பர் கிரேன், வடம் சோதனை.
அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.
கஸ்மீர் அண்ணனிடம் சொல்வது.

மூன்றாவதைப் பத்து நாளாக எழுதி வருகிறேன். அவருடைய கண் டாக்டரின் ரிப்போர்ட் என் டிராயரில். இடது கண்ணில் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, தூரம் பிடிபடாது, இனிமேல் கிரேன் ஓட்டக் கூடாது. அவரிடம் வாய் திறக்காமல், கிரேன் ரிப்பேர், ஆள் அதிகம் என்று ஏதேதோ சாக்குச் சொல்லிக் கீழேயே உட்கார வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பெரிய கப்பல் வருகிறது. ஆறு கிரேனும் ஓட வேண்டும். அதற்குமேல் சாக்கு இல்லை.

பதின்மூன்று வருஷம் அவர் மேலே கிரேன் கேபினில், நான் கீழே வாக்கிடாக்கியோடு. "இடது, இடது, நில்லு, இறக்கு." போன வருஷம்தான் நான் மேனேஜர். அவருக்கு இன்னமும் நான் "ஏலே சேகர்"தான். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

மாலை கோச்சிங், வீடியோ காலில். புது மேனேஜர்களுக்குக் கம்பெனி ஏற்பாடு. கோச் கோயம்புத்தூர் மேடம். "அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க, சொல்லிக் காட்டுங்க" என்றார். அவருடைய உழைப்பு, குடும்பம், கம்பெனியின் நன்றி என்று இரண்டு நிமிஷம் பேசினேன். "இதுல செய்தி எங்க இருக்கு சேகர்?" தேடினேன். இல்லை. கடைசியில் ஒரு வரியாகச் சுருக்கிக் கொடுத்தார். "இத சொல்லுங்க. அப்புறம் அவர் பேசற வரைக்கும் நீங்க பேசக் கூடாது." இதென்ன பெரிய விஷயம் என்று தலையாட்டினேன்.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கெடுத்தும்விட்டேன்.

என் அறையில், பத்தரை மணிக்கு. "அண்ணே, கண் ரிப்போர்ட் வந்துட்டு. இனி நீங்க கிரேன்ல ஏறக் கூடாது." சரியாகத்தான் வந்தது. அவர் பேசவில்லை. ஜன்னல் வழியே கிரேனைப் பார்த்தார்.

"கேட்டுச்சா அண்ணே? இனி கிரேன்ல ஏறக் கூடாது."

பேச்சு இல்லை. மூன்றாம் தடவை இன்னும் சத்தமாகச் சொன்னேன். அந்தச் சத்தம் எனக்கே உறைத்தது, வெளியே நிற்கிறவனுக்கும் கேட்டிருக்கும்.

எழுந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கேட்டுச்சு சார்."

இத்தனை வருஷத்தில் முதல் சார்.

டீக்கடையில் யாரோ, எனக்கு முதுகைக் காட்டி: "கீழ நின்ன பயதான். இப்ப மேல நிக்கவர இறக்குதான்."

டீ வாங்காமலே திரும்பினேன்.

ஜூலை 9, புதன்

அவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை.

விடியற்காலையில் ஒரு கனவு. கன்டெய்னர் பெட்டி இறங்குகிறது. நான் "இறக்கு, இறக்கு" என்கிறேன். மெதுவாக, பஞ்சு மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கிறது, தரை வரவேயில்லை. கீழே கடல். நான் அதன் மேல் நிற்கிறேன், கால் நனையவில்லை. விழித்தபின்னும் கொஞ்ச நேரம் படுக்கை ஆடியது.

மதியம் மேடத்தைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எதுக்கு மூணு தடவ சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"வாக்கியில அப்படித்தான் மேடம். பதில் வரலன்னா கேக்கலன்னு அர்த்தம். மறுபடி சொல்லணும். பெட்டிக்குக் கீழ ஆள் நிப்பான்லா."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"மேடம்? லைன்ல இருக்கியளா? மேடம்?"

"இருக்கேன் சேகர்" என்றார், சிரிப்போடு. "இப்பப் பாத்தீங்களா?"

முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது. அப்புறம் நானும் சிரித்தேன். எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டார். இனி அவர் என்னிடம் பேசமாட்டார் என்று சொன்னேன். கண்ட்ரோல் ரூமில் அவருக்கு ஒரு இடம் கேட்டு வாங்கி வைத்திருப்பதையும் சொன்னேன். "அவர் கேக்கறதுக்கு முன்னாடி அதை நீட்டாதீங்க" என்றார்.

ஜூலை 10, வியாழன்

காலை ஆறரை. காற்று தணிந்திருந்தது, கடல் பால் போல. அவர் வீட்டுக்குப் பின்னால் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மக்ரூன் இனிப்பு வாங்கிப் போயிருந்தேன்.

"செவ்வாக்கிழம மூணு தடவ சொன்னேம்லா அண்ணே. அது தப்பு. ஒரு தடவயே ஒங்களுக்குக் கேட்டிருக்கும்." வாயை மூடிக்கொண்டேன்.

மீன் பிடிக்கப் போன வள்ளங்கள் வந்தன. எண்ணினேன். நாலு. என் வலது கை தானாக இடுப்பில் வாக்கியைத் தேடியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். ஏழு. கடலும் வானமும் ஒட்டிக்கிடந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒன்பதாவது வள்ளம் கரை ஏறியது.

"மூணு மாசமா கீழ நிக்கவன் தல தெரியல எனக்கு" என்றார். "குரல வச்சுத்தான் இறக்குனேன்."

அந்த மூன்று மாதமும் நான் அறைக்குள் ஷிஃப்ட் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"யார்ட்டயும் சொல்லல. சொன்னா இறக்கிருவாங்கல்லா." அழுதார். நான் அப்போதும் பேசவில்லை.

பிறகு அவரே கேட்டார்: "கீழ எனக்கு என்ன வேல இருக்கு சார்?" இன்னமும் சார். கண்ட்ரோல் ரூம் பற்றிச் சொன்னேன், ஒரே ஒரு தடவை. ஆறு கிரேனுக்கும் வாக்கியில் பேசுகிற நாற்காலி. கண்ணை விடக் காதுக்கு வேலை.

"யோசிக்கேன் சார்."

மக்ரூனைக் கொடுக்க மறந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். மனைவி உமாவும் பிள்ளைகளும் தீர்த்தார்கள்.

ஜூலை 11, வெள்ளி

கப்பலைத் துறையில் கட்டியாயிற்று. காலை ஏழு மணி. காற்றே இல்லை. உப்பளப் பக்கமிருந்து வெள்ளையாக ஒரு வெளிச்சம், யார்டு முழுக்க.

கண்ட்ரோல் ரூம் மாடியில். கண்ணாடியில் வானம்தான் தெரிகிறது, அண்ணன் வந்தாரா தெரியவில்லை. போய்ப் பார்க்கலாம். போகவில்லை.

ஒன்று முதல் ஆறு வரை கிரேன்கள் பதில் சொல்லின. பெட்டி எதுவும் இன்னும் தூக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

"கண்ட்ரோல், சேகர் பேசுதேன். கேக்குதா?"

பதில் இல்லை.

விரல் பொத்தான் மேலேயே. அழுத்தவில்லை. ஒரு கடல்காகம் ஆறாம் நம்பர் கிரேனைச் சுற்றி வந்து உட்கார்ந்தது. மறுபடி பறந்தது. அழுத்தவில்லை.

"கேக்குதுலே. சொல்லு."