வலிக்காத கொப்புளம்

என் ஆசை தோஸ்த் காதருக்கு,

அங்கே உனக்கு நல்ல டீ கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் இந்நேரம் அந்த இடத்தையே இரண்டாக்கியிருப்பாய்.

முள் குத்தினால்கூட ஆம்பூர் முழுக்கக் கேட்கும்படி கத்துகிறவன் நீ. தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோல் சுமந்த தோளில் கொப்புளம் வந்து, நடுவில் கரியாகக் கறுத்தபோது மட்டும் வாயே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டுகிற நான் எத்தனை முறை கூப்பிட்டேன்! "வலிக்கவே இல்லடா. வலிச்சா வர்றேன்" என்றாய். வலிக்காமலே போய்ச் சேர்ந்தாய். அடைப்பான் நோயில் செத்த மாட்டின் தோலிலிருந்து தொற்றியதாம். அதில் ஒட்டிய ரத்தமும் உன் தோளில் ஒரு சிராய்ப்பும் போதுமாக இருந்தன. எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான்.

சரி, சேதிக்கு வருகிறேன். உன் மகன் சலீமும் அதே ஷாப்பில்தான் தோல் தூக்குகிறான். போன மாதம் ஜட்கா வண்டியிலிருந்து குதித்து ஆஸ்பத்திரிக்குள் ஓடி வந்தான். பதறிப்போய் என்னவென்று கேட்டேன். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். அதே கொப்புளம், அதே கறுப்பு.

"வலிக்கல சாச்சா. அதான் ஓடியாந்தேன்."

டாக்டர் உடனே ஊசி போட்டார். நாவிதரிடம் காட்டிக் கீறிவிடலாமா என்று கேட்ட உன் மனைவி ஜுலேகாவை, கீறினால் விஷம் ரத்தத்தில் இறங்கிவிடும் என்று அதட்டி உட்காரவைத்தேன். புண்ணின் நீர் பட்ட கட்டுத்துணியை இடுக்கியால் எடுத்து நெருப்பில் போட்டேன். அந்த நீர் ஊறிய சட்டையையும் போட்டேன். அதற்குத்தான் பெரிய ரகளை. "பெருநாள் சட்டைண்ணா அது. சுடுதண்ணில தொவச்சிக்கிறேன், குட்த்துடுங்க" என்று ஜுலேகா கெஞ்சக் கெஞ்சத்தான் போட்டேன். வெந்நீருக்கெல்லாம் சாகிற கிருமியா அது? இன்றுவரை எனக்குச் சட்டைக் கொளுத்தி என்றுதான் பெயர்.

காய்ச்சல் விட்டதும் பயல் முதலில் கேட்டது பிரியாணி. உன் ரத்தம் வேறென்ன கேட்கும்? நான் அழுதுவிட்டேன், போ.

இப்போது ஷாப் ஆட்கள் மருவைக் காட்டுகிறார்கள், மச்சத்தைக் காட்டுகிறார்கள். வலிக்கிறதா என்றால், இல்லை என்று நடுங்குகிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

சலீமின் நிக்காஹ்வுக்கு நானே புதுச் சட்டை எடுத்துக் கொடுப்பேன். வலிக்கவில்லை என்று யார் சொன்னாலும் சாப்பிடுகிற கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போவேன். இது சத்தியம். இப்போது எல்லோரும் வருகிறார்கள் காதர். நீதான் வராமல் போய்விட்டாய்.

உன் மகனின் சாச்சா,
ஞானமுத்து