ஒரு தீப்பெட்டி உசரம்

2008 ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலைல தூறல். பத்து மணிக்கு மேல நல்ல வெயில். நாவுல ஊரு அரிசி மில் களத்துல ரிமோட் கார் ரேஸ். இப்பதான் வந்தது. கால் கழுவல, தேத்தண்ணி குடிக்கல. முதல்ல இத எழுதிடறேன், இல்லாட்டி வயிறு எரிஞ்சுகிட்டே இருக்கும்.

மூணாவதா வந்தேன். நெல்லு காயப் போடுற சீமெந்துத் தரை, மேல உமித் தூசி. மாவு மேல ஓட்டுற மாதிரி. மத்தவங்க காரெல்லாம் வளைவுல பம்பரம். என்னோடது நின்னுச்சு. குலுக்கம் தாங்குற சொக்குக்கு மெல்லிசு ஒயில், மெத்து ஸ்பிரிங், மெத்து டயர். வழுக்குற தரையில கார் கொஞ்சம் சாயணும். சாஞ்சாத்தான் சில்லு தரையப் புடிக்கும்.

கப் குடுக்கிறப்போ ஜயந்த மாத்தயா மைக்குல என்ன சொன்னாரு? ரேஸ் நடத்துறவரு அவருதான். "முரளிகே அம்மா." முரளியோட அம்மா. பலகையிலயும் அதுதான் எழுதியிருக்குதாம். கப்பையும் என் கைல குடுக்கல. பக்கத்துல நின்ன என் மகன் கைல குடுத்தாரு. அவனும் பல்லக் காட்டி வாங்கிக்கிட்டான்.

முரளி இந்தக் கார ஓட்டி எதுலயும் ஜெயிச்சதில்ல. கட்டார்ல இருந்து வர்றப்போ கொண்டாந்தான். கொஞ்ச நாள் ஓட்டினான், அலுத்துப் போச்சு, அலமாரி மேல வச்சான். அங்க இருந்து எறக்கினது நான். கழட்டிப் பூட்டி, எந்த ஸ்குரூ எதுக்குன்னு பாத்தது நான். சொல்லித்தர ஒருத்தரும் வரல.

வர்ற வழியில கேட்டேன். "ஏன்டா, ஒங்கம்மாவுக்குப் பேரு இல்லையா?"

"சின்ன விசயம்மா. அவங்க வாயில ஒங்க பேரு வராது."

சிவபாக்கியம். வாயில வராதாம். ஜப்பான் மோட்டர் பேரெல்லாம் எப்படி வருது?

கப் இப்ப முன் அறையில, டிவி மேல. நான் அந்தப் பக்கம் போகல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேகம் கறுத்துச்சு, மழை இல்ல. மொளகு காயப் போட்டு ரெண்டு தடவ அள்ளினது வீண்.

வர்ற ஞாயிறு கலேவெலயில ரேஸ். கலியாண மண்டபம், தரை பூராவும் கம்பளம். நானே ஜ. மாத்தயாவுக்கு போன் எடுத்தேன். சிங்களத்துலயே சொன்னேன், பலகையில என் பேரு வரணும்னு. சிரிக்கிறாரு. "சரி ஆச்சி, வந்து ஓட்டுங்க. வந்தா எழுதுறேன்."

ஆச்சி. சிங்களத்துல பாட்டிக்கு அப்படித்தான். என் பேத்தி அப்பாயின்னு கூப்பிட்டா எனக்குப் பெருமை. இந்த ஆளு தலையில என்ன விட நரை. இவருக்கு நான் ஆச்சியா?

வந்தா எழுதுறாராம். வர்றேன். எழுதுங்க.

உசரம். கார் அடியில வச்சு அளக்கிறது:
தார் ரோடு – அஞ்சு ரூபாக் காசு ரெண்டு, அடுக்கி
மில் களம் – அதே
வீட்டு முன்னால கிரவல் – தீப்பெட்டி, படுக்க வச்சு
கம்பளம் – அஞ்சு ரூபா ஒன்னு, ரெண்டு ரூபா ஒன்னு. அதுக்கு மேல வேணாம்

கம்பளம் எதிர்மாறு. புடி கூடிப் போயிரும். வளைவுல சில்லு ஒட்டிக்கிட்டு கார் குட்டிக்கரணம். அதனால தாழ்த்தணும், கெட்டி ஸ்பிரிங், கெட்டி ஒயில். டயருக்குத் தடவுற கராம்புத் தைலம் முன் சில்லுல உள்பக்கம் பாதிக்கு மட்டும்.

டயர்ப் பொட்டியத் தேடினா அதுல வெங்காயம்.

"இது யாரு வேல, கலா?"

"நான்தான் அத்தை. அந்தச் சில்லெல்லாம் பல் டாக்டர் வீடு மாதிரி நாறுது. சாக்குல கட்டி வச்சிருக்கேன்."

"வெங்காயம் மணக்குதா ஒனக்கு?"

"வெங்காயத்த சமைக்கலாம் அத்தை."

மருமகளுக்கு வாய் கூடிப்போச்சு.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். கால் வீக்கம். மாத்திரை முடிஞ்சுது, வாங்கணும்.

என் மகன் மு. கடையில இருந்து வந்ததும் வராததுமா: "ஞாயித்துக்கெழமை போக வேணாம்மா."

"ஏன்?"

"சண்டை நடக்கிற இந்த நேரத்துல ஏரியல் நீட்டுற பொட்டி, வயரு, பாட்டரி, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு தம்புள்ள ரோட்டுல போறதா? நாம யாருன்னு மறந்துட்டீங்களா? போன கெழமை நான் கூட வந்தேன், நானே பேசி சமாளிச்சேன். இந்தத் தடவ கடைய மூட முடியாது."

"ஃபைரூஸ் வேன் போகுது. நான் அதுல போறேன்."

ஃபைரூஸ் கராம்பு யாவாரி. அவரும் ஓட்டுவாரு. எல்லா ரேஸ்லயும் கடைசி, எல்லா ரேஸ்லயும் சிரிப்பு. தங்கமான மனுசன்.

மு. தலையில கைய வச்சான். அப்பறம், "சரி. செக்பொயின்ட்ல கேட்டா சிங்களத்துல 'செல்லம் படு'ன்னு மட்டும் சொல்லுங்க. வெளையாட்டுச் சாமான்னு. வேற ஒரு சொல் பேசாதீங்க."

"வெளையாட்டுச் சாமான் இல்லடா அது."

"அம்மா. ஒரு சொல்."

"எனக்குச் சொல்ல வராது." அவங்களுக்கு என் பேரு வாயில வராத மாதிரின்னு சொல்ல நெனச்சேன். எந்திரிச்சுப் போயிட்டான்.

ஆகஸ்ட் 9, சனி

காத்து. பின்னேரம் வரைக்கும் காரோடதான். வீட்டுக்குள்ள வெளிச்சம் போதாம வாசல்ல கதிரை போட்டு உக்காந்தேன். அஞ்சு ரூபா, ரெண்டு ரூபா, நாலு மூலையிலும் ஒரே மாதிரி உக்காருது. வயிறு கிட்டத்தட்ட தரையில. பாக்க அழகா இருக்கு, பூனை பதுங்குற மாதிரி.

பேத்தி என் பேர சிங்களத்துல ஒரு தாள்ல எழுதித் தந்தா, பள்ளிக்கூடத்துல படிக்கிறா இல்ல. ஜ. மாத்தயா கைல குடுத்து, இதப் பாத்து எழுதுங்கன்னு சொல்லப் போறேன். இனி வராதுன்னு சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். ரேஸ் இல்ல. எனக்கு இல்ல.

நாவுல தாண்டி செக்பொயின்ட். வேன்ல நானும் ஃபைரூஸும் மட்டும். ஆமிக்காரங்க எறக்கினாங்க. அடையாள அட்டை பாத்தாங்க. பொட்டியத் தொறந்த பொடியன் ஒரு அடி பின்னால வச்சான். மஞ்ச டேப் சுத்தின பாட்டரி, வயரு, ஏரியல். பெரியவரக் கூப்பிட்டான். மீசைக்காரர்.

ஃபைரூஸ் முந்திக்கிட்டாரு. "செல்லம் படு, சேர். செல்லம் படு."

மீசை என்னையும் காரையும் மாறி மாறிப் பாத்து சிரிக்கிறாரு. "ஆச்சி வெளையாடுறாங்களா?"

அங்கதான் எனக்கு ஏறிச்சு. "வெளையாட்டு இல்ல. ரேஸ் கார். ஓட்டுறது நான்." நல்ல சிங்களத்துல, நல்லா சத்தமா.

சிரிப்பு நின்னுச்சு. "அப்ப ஓட்டு. இங்கயே."

இங்கயேன்னா கிரவல். கம்பளத்துக்குத் தாழ்த்தின கார். ஓட்டினா ஒரு கல்லு போதும், கியர்ப் பல்லுச் சில்லு போயிரும். சொன்னேன், கொஞ்சம் உசத்தணும், பொறுங்கன்னு. குந்தினேன், ஸ்குரூ டிரைவர எடுத்தேன். உசரம் பாக்க பொட்டியில காசுதான் இருந்துச்சு. கிரவலுக்குக் காசு உசரம் பத்தாது. பக்கத்துல நின்ன பொடியன்கிட்ட கேட்டேன்.

"கினிப் பெட்டிய தியெனவாத, புத்தே?"

தீப்பெட்டி இருக்கா, மகனே.

கேட்டு முடிச்சப்பறம்தான் காதுல விழுந்துச்சு. பாட்டரி, வயரு, ஏரியல், அதுக்கு முன்னால குந்தியிருக்கிற தமிழ்ப் பொம்பள தீப்பெட்டி கேக்குறா.

ரெண்டு துவக்கோட குழலும் என் பக்கம் திரும்பிச்சு. யாரோ கத்துனாங்க. ஃபைரூஸ் முட்டி போட்டு ரெண்டு கையையும் தலைக்குப் பின்னால வச்சாச்சு, யாரும் சொல்றதுக்கு முந்தியே. வாய் மட்டும் ஓதுது. நான் "அளக்கத்தான், அளக்கத்தான்"னு தமிழ்ல சொல்றேன். இவ்வளவு வருசம் பேசின சிங்களம் ஒரு சொல் வரல.

ஃபைரூஸ்தான் தலை குனிஞ்சபடியே சொன்னாரு, காரோட வயிறு தரையில படாம இருக்க தீப்பெட்டிய அடியில வச்சுப் பாக்குறது சேர், எங்க அம்மா சேர், வயசாளி சேர்னு. எங்க அம்மான்னு சொன்னாரு.

மீசை கைய ஆட்டினாரு. துவக்கு எறங்கிச்சு. ஃபைரூஸ எழும்பச் சொல்லல. "ஸ்குரூ டிரைவர வை. இருக்கிற மாதிரியே ஓட்டு."

ஓட்டினேன். ரோட்ட மறிச்சு வச்சிருந்த பீப்பாயச் சுத்தி ஒரு வட்டம். அடி தேயிற சத்தம் என் பல்லுல கேட்டுச்சு. ரெண்டாவது வட்டத்துல கார் ஒரு அலறல், நின்னுச்சு. பல்லுச் சில்லு போச்சு. மோட்டர் மட்டும் சும்மா சுத்துது. அந்தப் பொடியன் போய் ரெண்டு கையாலயும் தூக்கிக் கொண்டாந்து தந்தான். அவன் சிரிக்கல.

மீசை கொப்பியத் தொறந்தாரு. "என்னன்னு எழுத? ரேஸ் காரா, செல்லம் காரா?"

ஃபைரூஸ் இன்னும் முட்டியில. கட்டியிருந்த சாரம் பூரா செம்மண். என்னப் பாக்கல.

"செல்லம் கார்"னு சொன்னேன்.

"பேரு?"

பேத்தி எழுதின தாள நீட்டினேன். வாங்கல. வாயால சொல்லச் சொன்னாரு. சொன்னேன். சி-வ-பாக்-கி-யம். ஒவ்வொரு எழுத்தா எழுதி, திருப்பி வாசிச்சாரு. ஒரு பிழை இல்ல.

வேன் திரும்பி எங்க ஊரு மாத்தளைக்கு. வீட்டு வாசல்ல நிப்பாட்டிட்டு ஃபைரூஸ் சொன்னாரு, "இனி நான் வரல்லம்மா. என்னால ஏலா. என்ட புள்ளைகளுக்கு நான் வேணும்."

எனக்குக் கோவம். அவர் மேல இல்ல. யார் மேலன்னு பிரிச்சுப் பாத்தா ஆளு கூடிக்கிட்டே போகுது. மீசை, ஜ. மாத்தயா, மு., அந்த ரோடு. கடைசில என் வாய்.

ஆகஸ்ட் 11, திங்கள்

விடியக்காலைல இருந்து மழை. மாத்திரை வாங்கியாச்சு.

கார் அடியில விரல் வச்சா கீறல் கீறலா இருக்கு. கலா வந்து பாத்தா. டயர்ப் பொட்டியக் கழுவிக் காய வச்சுக் கொண்டாந்து வச்சிட்டுப் போனா. வெங்காய வாடை இன்னும் போகல.

ஃபைரூஸ் வீட்டுக்குப் போகணும். சாரத்த நான் தொவச்சுத் தர்றேன்னு சொல்லலாமா? அவரு பொஞ்சாதி என்ன நெனைப்பா.

மு.வுக்கு நேத்து நடந்தது தெரியாது. ஃபைரூஸும் சொல்லல, நானும் சொல்லல. மத்தியானம் சோத்துக்கு வந்தப்போ கேட்டான், "என்னம்மா, ஒங்க பேர எழுதுனாங்களா?"

"எழுதுனாங்க."

"பிழையில்லாமலா?"

"பிழையில்லாம."

சந்தோசப்பட்டான். சோறு ரெண்டாந்தரம் போட்டேன்.